அத்தை வீட்டு மாப்பிள்ளை

பிறந்த தீவுக்குப் பல வருடம் கழித்துப் படகில் வந்து இறங்கினேன். தீவு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. படகுத்துறையில் ஒருவர் என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் ரூம் வேண்டுமா என்று கேட்டார். நான் இந்த ஊர்தான் என்று தமிழில் சொன்னேன்.

"அப்படியா, சந்தோஷம். ஏசி ரூமா, சாதா ரூமா?" என்றார்.

பாசத்தால் வந்தவன் இல்லை நான். கல்லூரியில் புகைப்படக் கலை இறுதியாண்டு. தேர்வுக்கு வனவிலங்குப் படங்கள் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் கொக்கை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்கள். நான் மட்டும் வகுப்பில் எழுந்து நின்று, "என் சொந்தத் தீவுல எடுப்பேன் சார்" என்று சொல்லிவிட்டேன். லென்ஸுக்கு மூடி கண்டுபிடித்தவர்கள் வாய்க்கு ஒன்று கண்டுபிடித்திருக்கலாம்.

தங்கியது அத்தை வீட்டில். அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் கிளம்பியபோது அத்தை கிளம்பவில்லை. மாமாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பெரும்பாலும் தண்ணீரிலேயே இருப்பார். அத்தை இரண்டு லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கிறாள். வீட்டின் பின்பக்கம் முழுவதும் கொடி கட்டி வெள்ளை விரிப்புகள் தொங்கும். உள்ளே போனால் மேகத்துக்குள் வழி தவறியது போலிருக்கும், சோப்பு வாசனையோடு.

முதல் வாரம் காடு கடற்கரை எல்லாம் அலைந்து மூன்று படங்கள் எடுத்தேன். ஒரு பறவை அதுவரை உட்கார்ந்திருந்த கிளை. ஒரு குரங்கு அதுவரை இருந்த மரம். ஒரு நண்டு நுழைந்த ஓட்டை. மூன்றும் மிகத் தெளிவாக வந்திருந்தன.

அத்தை படங்களைப் பார்த்தாள். "உனக்கு ஏதாச்சும் ஒரு பிராணி வேணும், அவ்வளவுதானேடா? மத்தியானம் மாப்பிள்ளை வருவாரு. அவரை எடுத்துக்கோ."

"எந்த மாப்பிள்ளை? உங்களுக்குப் பொண்ணே இல்லையே."

"பொண்ணு இருந்தாத்தான் வரணும்னு அவருக்கு யாரும் சொல்லலை."

மாப்பிள்ளை ஓர் உடும்பு. வாலையும் சேர்த்தால் என் உயரம் இருப்பார். சாப்பாட்டு வேளைக்குச் சொல்லாமல் வருவார், சாப்பிடுவார், விரிப்புகளின் நிழலில் படுப்பார், வெயில் தாழ்ந்ததும் நன்றிகூடச் சொல்லாமல் போய்விடுவார். வேறு என்ன பெயர்தான் வைப்பது?

அன்று அவர் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. நான் "ப்ச் ப்ச்" என்றேன். "டேய், வாடா" என்றேன். ஒரு நாக்கு மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"நாயையா கூப்பிடறே?" என்று என்னைத் தள்ளிவிட்டு அத்தை முட்டையோடு குனிந்தாள். "மாப்பிள்ளை, வாங்க."

வந்தார். நிதானமாக, வேட்டி தடுக்காமல் நடப்பவர் போல. அத்தையை நான் 'ள்' போட்டு எழுதுகிறேன்; இவருக்கு 'ர்' போடுவதன் காரணம் இதுதான்.

அற்புதமான படம். அன்றே இணையத்தில் போட்டேன். கீழே ஒரு வரி: 'எங்க அத்தை வீட்டு மாப்பிள்ளை. கூப்பிட்டா வருவார்.' ஊரெல்லாம் சிரித்தது. வனத்துறை மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் ரேஞ்சர் போன் செய்தார். "தம்பி, தானா வந்து தானா போனா அது காட்டு விலங்கு. கூப்பிட்டா வந்தா அது வளர்ப்பு. உடும்பு வளர்க்கக் கூடாது. நாளைக்குக் கூண்டோட வரேன்."

அத்தையிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த விரிப்பை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உங்க மாமா கப்பல்ல. உங்கப்பன் ஊரை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாச்சு. இந்த வீட்டுக்கு மத்தியானத்துல வர்றது இவரு ஒருத்தருதான்டா. அவரையும் நீ போட்டோ புடிச்சு அனுப்பிட்டே."

படத்தை அழித்துவிட்டேன் என்றேன். ரேஞ்சரின் ஞாபகத்தை அழிக்க வழியில்லை. யோசித்ததில் ஒன்றுதான் தோன்றியது: நாளைக்கு இந்த வீட்டில் யாரும் யாரையும் 'வாங்க' என்று சொல்லக் கூடாது.

"வீடு தேடி வர்ற மனுஷனை எப்படிடா 'வா'ங்கறது?"

"சின்ன வயசா இருப்பாரு அத்தை."

வந்தவருக்கு ஓய்வு பெறும் வயது. வெள்ளை மீசை, கஞ்சி போட்ட சீருடை, கையில் ஒரு கூண்டு. அத்தை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"வா... ப்பா."

ரேஞ்சர் தனக்குப் பின்னால் யாராவது சிறுவன் நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தார்.

"உக்காரு. சாப்பிட்டியா?"

"இல்லை" என்றார் ரேஞ்சர், சட்டென்று குரல் இறங்கி. பிறகு சுதாரித்து, "என்னை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாதுப்பா. டீ குடி."

கோபமா இல்லையா என்று மீசையை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. டீயைக் குடித்தார். கூடையில் இருந்த முட்டைகளைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கு இத்தனை முட்டையா? எங்க வாங்கறீங்க?"

கொடியில் ஒரு விரிப்பு அசைந்தது. காற்று இல்லை. மாப்பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது. 'வாங்க' வரைக்கும் கேட்டால் கிளம்பிவிடுவார் போலிருக்கிறது. நான் பலமாக இருமினேன். விரிப்பு நின்றது.

"இவன் திம்பான்" என்றாள் அத்தை.

ரேஞ்சர் எழுந்து, படத்தில் பார்த்த தண்ணீர்த் தொட்டி அருகே போனார். "வா, வா" என்றார். விரலைச் சொடுக்கினார். விசில் அடித்தார். அரசாங்கத்தில் விலங்குகளுக்கு மரியாதைப் பன்மை கிடையாது. ஒன்றும் வரவில்லை.

"தம்பி, நீ கூப்பிடு. 'கூப்பிட்டா வருவார்'னு போட்டது நீதானே?"

"டேய், வாடா!" என்றேன், தொண்டை கிழிய. பக்கத்து வீட்டுப் பையன் மதில் மேல் தலையை நீட்டி, என்னவென்று கேட்டுவிட்டுப் போனான்.

"சும்மா லைக்குக்காகப் போட்டேன் சார்."

"இந்தக் காலத்துப் பசங்க..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. வெறும் கூண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் அதுவரை அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டேன். அத்தையும் விட்டாள். அவள் மட்டும் மூச்சை விட்டதோடு நிற்காமல், வீட்டுக்கு வந்தவரை வழியனுப்பும் எவரும் சொல்வதைச் சொல்லிவிட்டாள்.

"போயிட்டு வாங்க."

விரிப்புகள் விலகின. மாப்பிள்ளை வந்தார். முற்றத்தைக் கடந்து, வாசலைத் தாண்டி, ரேஞ்சரின் பூட்ஸுக்கு அருகில் நின்று, நாக்கை நீட்டி அவரைப் பரிசோதித்தார்.

ரேஞ்சர் கூண்டைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன சொன்னீங்க?"

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. "போயிட்டு... வரச் சொன்னேன். உங்களைத்தான். வேற யாரையும் இல்லை."

ரேஞ்சர் உடும்பை வெகு நேரம் பார்த்தார். பிறகு அத்தையை. அப்புறம் என்னை, கொஞ்சமாக.

"முதல்ல போகணும், அப்புறம் வரணும். அதுதானே சொன்னது?"

"ஆமா."

"இது போகவே இல்லையே. நேரா வந்து நிக்குது." மீசையைத் தடவினார். "சொன்னதுல பாதிதான் கேக்குது. அதுவும் தனக்குச் சாதகமான பாதி. பாதி பேச்சு கேக்கறதை எல்லாம் வளர்ப்புன்னு சொன்னா, என் ரெண்டு பசங்களை நான்தான் வளர்த்தேன்னு ஆயிடும். இது காட்டு விலங்குதான்."

கூண்டை ஜீப்பில் ஏற்றினார். "முட்டை மட்டும் போடாதீங்கம்மா. தேடித் தின்னட்டும்."

அத்தை தலையை ஆட்டினாள். ரேஞ்சர் ஏறி உட்கார்ந்து, கிளம்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அந்த முதல்ல சொன்ன மாதிரியே இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

"போயிட்டு வாப்பா" என்றாள் அத்தை.

ஜீப் கிளம்பியது. வளைவில் மறையும்வரை அவள் ஒரு கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். இன்னொரு கையால் வாயை இறுகப் பொத்தியிருந்தாள்.