திரளாக வந்த ஆறு பேர்

1

இந்தக் கதை ஒரு விழா மலருக்காகக் கேட்கப்பட்ட மூன்று பக்க வரலாற்றிலிருந்து பிறந்தது. முதலில் இப்படித் தொடங்கினேன்: "யாழ்ப்பாணத்துத் துறவிகள் சபையொன்று பிரான்சில் ஆற்றிய பணி பொன்னெழுத்துகளால்—"

விட்டுவிட்டேன். அது என் கையல்ல, மார்க்கண்டரின் கை.

மார்க்கண்டர் உடுப்பிட்டிக்காரர், அரச அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர், நெற்றியில் முக்குறித் திருநீறு. கத்தோலிக்கச் சபை தன் வரலாற்றை ஒரு சைவரிடம் கொடுக்குமா? அவர் கடிதத்தில் பிழை இராது. அதனால் கொடுத்தது. (நம்பாவிட்டால் அவரைக் கத்தோலிக்கராக்கலாம். எனக்கு அந்த நெற்றியை அழிக்க மனமில்லை.)

2

பிரெஞ்சுக்காரர் இங்கே வந்து வேதம் சொன்னது பழைய கதை. இப்போது அங்கே குருமார் இல்லை, நம்மவர் போகிறார்கள். பதினொரு வருடத்துக்கு முன் ஜெயரூபன் பாதர் ஒரு மலைக்கிராமத்துக் கோயிலுக்குப் பங்குக் குருவாகப் போனார். மாதம் ஒரு கடிதம் எழுதுவார். மார்க்கண்டர் அதைத் திருத்திச் சபையின் செய்தி மடலில் போடுவார். "நத்தாருக்கு ஆறு பேர் வந்தார்கள்" என்று கிறிஸ்துமஸ் கடிதத்தில் வந்தது, "இறைமக்கள் திரளாக வந்தனர்" என்று அச்சாகும். பொய் சொல்லும் எண்ணமே அவருக்கில்லை. அச்சில் சனம் வேறு விதமாக வந்து அவர் வாசித்ததில்லை.*

* செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டிலும் திரளாகத்தான் வருவார்கள்.

3

மடல்களை வாசித்துச் சபைத் தலைவர் பூரித்துப்போனார்.

"உந்தப் பங்கு நல்லா வளருது. ஜெயரூபனை இன்னும் ஆறு வருசம் அங்கை விடுவம். மலரிலை வரலாறு வரட்டும், அதை வாசிச்சுப்போட்டு முடிவெடுப்பம்."

அன்று பின்னேரம் மார்க்கண்டருக்கு வாட்ஸ்அப்பில் பாதர்.

"அண்ணை, நான் ஊருக்கு வரவேணும். பதினொரு வருசமாய் ஒருத்தரும் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரேல்லை."

"அங்கை ஒருத்தரும் பாவம் செய்யிறேல்லையோ பாதர்?"

"ஆறு பேரிலை ஆக இளையவவுக்கு எண்பத்திரண்டு. என்னத்தைச் செய்யிறது? கோயில் கதவைத் திறக்கிற திறப்பும் மேயரிட்டை. போன நத்தாருக்கு அவர் வரப் பிந்திப்போட்டார். பனியிலை நிண்டுதான் பூசை வைச்சன்."

"ஓம், அதைத்தான் 'ஆலயத்தினுள் இடமின்றி வெளியேயும்' எண்டு போட்டனான்."



"என்னை இஞ்சை கட்டிவைச்சிருக்கிறது சபையில்லை, அண்ணை. உங்கடை தமிழ்."

4

முடிவு ஒன்று: மார்க்கண்டர் உள்ளதை எழுதுகிறார். பாதர் ஊருக்கு வருவார். பங்கு மூடப்படும், பதினொரு வருட மடலும் பொய்யாகும், கச்சேரியில் ஒருவரும் பிழை பிடிக்காத கை தலைகுனியும்.

முடிவு இரண்டு: வழக்கம்போல எழுதுகிறார். எல்லோருக்கும் மகிழ்ச்சி, ஒருவரைத் தவிர.

மூன்றாவதில், தலைவரே நேரில் போய்த் தலை எண்ணப் புறப்படுகிறார். விசா கிடைக்கவில்லை. வெட்டினேன்.

அச்சகக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். மார்க்கண்டர் ஒரே ஒரு இடத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறார். அவருக்காக நான் நிரப்பினால் நானும் மலர்க்காரனாகிவிடுவேன். பேனையை நீங்களே பிடியுங்கள். எழுதுமுன் ஒன்று: பாதர் பெட்டியைக் கட்டிவிட்டுக் கட்டிலோரம் இருக்கிறார். வெளியே ஒரு கிழவி கதவைத் தட்டி, ஞாயிறு பூசை எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

"கடந்த நத்தார்ப் பூசைக்கு இறைமக்கள் .................... வந்தனர்."