பெல்ட்டுக்கு எட்டாத உயரம்

அமரவிளையில் டெம்போ ஓட்டும் ஜெயதாஸ் இடுப்பிலிருந்து பெல்ட்டை உருவியதும், அவருடைய மகன் சிஜு தரையை விட்டு எழும்பிக் கூரையில் போய் முட்டினான். அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. ஜெயதாஸ் மாங்காய் பறிக்கும் தோட்டிக் கம்பை எடுத்துவந்து, அதன் அடிப்பக்கத்தால் குத்திக் கீழே இறக்கி அடித்தார். காரணம் ஒருநாள் சிந்திய சோறு, ஒருநாள் கணக்கில் குறைந்த மதிப்பெண், பல நாள் ஒன்றுமில்லை. குறுக்கே விழுந்த அம்மா சுகுமாரிக்கும் கிடைத்தது. பையன் மிதப்பதைப் பற்றி அக்கம்பக்கத்தார் ஒரு மாதம் பேசினார்கள். அடி வாங்குவதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்தில் சுற்றியவனை அகிலேஷ் கண்டான். கஞ்சா விற்பதும் கூலிக்கு ஆள் அடிப்பதும் அவன் கூட்டத்தின் தொழில். அவன் தன் தோளில் கை போட்டதுமே சிஜு ஒரு முழம் எழும்பிவிட்டான். அகிலேஷ் கையை எடுக்கவில்லை. "பயப்படாத மக்கா. வல்லதும் தின்னியா?" என்று கேட்டான். ஏதாவது தின்றாயா என்று வெளியாள் ஒருவரும் அவனிடம் கேட்டதில்லை. சிஜு மெல்ல இறங்கினான். புரோட்டாவும் பீஃபும் வந்தன. அதன்பின் கஞ்சாப் பொதி சுமந்தான், காவல் நின்றான். அவர்களோடு இருக்கையில் கால்கள் தரையிலேயே இருந்தன. அதற்காக என்ன சொன்னாலும் செய்தான்.

பொதியிலிருந்து திருடி விற்ற வினீத் என்ற பையனைப் பாறசாலையில் ஒரு ரப்பர் ஷெட்டுக்குள் பிடித்துவைத்து, அகிலேஷ் இரும்புக் கம்பியை சிஜுவிடம் நீட்டினான். "நீயாக்கும் அடிக்கணும்." சிஜு ஓங்கினான். வினீத் தரையை விட்டு எழும்பித் தகரக் கூரையில் முட்டி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். சிஜு அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான். கம்பியைப் போட்டுவிட்டு, "எலே, இறங்கி ஓடு. நான் அடிக்கல்ல" என்றான். அகிலேஷ் கம்பியை எடுத்து அவனையே அடித்தான். சிஜு அன்று எழும்பவில்லை. வினீத் கதவு வழியாக மிதந்து வெளியேறும்வரை அகிலேஷின் வழியை மறித்து நின்று அடி வாங்கினான்.

உடைந்த கையோடு வீட்டுக்குப் போய், "அம்மா வா, போவோம்" என்றான். ஜெயதாஸ் எழுந்தார். சிஜு அவரைப் பார்த்தபடியே தரையில் நின்றான். சுகுமாரி செருப்பைக்கூடத் தேடாமல் இறங்கி வந்தாள்.

அகிலேஷ் வேறொரு வழக்கில் ஜெயிலுக்குப் போனான். சிஜு இப்போது அம்பூரியில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறான். மேஸ்திரி குரல் உயர்த்தினால் இன்றும் கொஞ்சம் மேலே போய்விடுவான். கூட வெட்டுகிறவர்கள், "அவன் இறங்கட்டு, பொறவு பேசலாம்" என்று மேஸ்திரியை உட்காரவைத்துச் சாயா ஊற்றுவார்கள்.