மாடியில் ஓடிய ரயில்

வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பவர் எந்த அறையைப் பற்றிக் குறை சொன்னாலும், அந்த அறையிலேயே ஒரு மதியம் தூங்கிப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு சொல்வார். கூரை ஒழுகுகிறது என்றபோது குடையை விரித்துக்கொண்டு தூங்கினார். எலித் தொல்லை என்றபோது எலியோடும் தூங்கினார். எழுந்து பார்த்தால் எலி ஊரைவிட்டே ஓடியிருந்தது.

அப்படியும் மாடிக்கு வந்த எவரும் நிலைக்கவில்லை. பெட்டியைப் பிரிப்பதற்குள் கட்டிவிடுவார்கள். அம்மாவுக்கோ, தலைக்கு மேல் ஒரு காலடிச் சத்தம் கேட்டால்தான் சோறு தொண்டையில் இறங்கும். அதனால் இந்த முறை பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டார். கையெழுத்திட்டவர் ரொட்டிக்காரர், இரவெல்லாம் அடுப்போடு நின்று பகலில் தூங்குபவர்.

சில வாரங்களிலேயே அவர் பன் மாதிரி உப்பிய கண்களோடு வாசலில் வந்து நின்றார்.

"என்னை விட்டுடுங்கம்மா. காலி பண்ணிக்கிறேன்."

"பத்து வருஷம்னு கையெழுத்துப் போட்டியே தம்பி, கனவுலயா போட்ட?"

"கனவு வந்தாத்தான் தேவலையே! மத்தியானம் கண்ண மூடினா ரயில் வருது. கட்டிலே ஆடுது."

"பஸ்ஸே எட்டிப் பாக்காத தெருவுல ரயிலா?"

ரொட்டிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார்.

"சரி, நான் தூங்கிப் பாக்குறேன். ரயில் வந்தா இன்னிக்கே நீ போகலாம். வரலேன்னா பத்து வருஷமும் இங்கதான்."

அவரைத் தன் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தலையணையோடு மாடி ஏறினார் அம்மா.

மெத்தையில் மாவு வாசனை. ஜன்னல் திரை மெல்ல மூச்சு விட்டது. அறை வீட்டிலிருந்து கழன்று நகர, ரயில் வந்தேவிட்டது! நிலையத்துக்கு நிலையம் பழைய குடித்தனக்காரர்கள் பெட்டியோடு நின்று கையசைத்தார்கள். முதல் வகுப்பில் அந்த எலி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. பெட்டி பெட்டியாகத் தாண்டி இன்ஜினை எட்டிப் பார்த்தார் அம்மா. கரியும் இல்லை, ஓட்டுநரும் இல்லை. மலை மாதிரி ஒரு மூக்கு. அதன் கீழே குகை மாதிரி திறந்த வாய். தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூக்கு!

திடுக்கிட்டு விழித்தபோது அந்தக் குறட்டையின் வால் இன்னும் அறையில் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது.

இத்தனை காலமும் கீழே இவர் கண்ணயரும்போதெல்லாம் மேலே ரயில் ஓடியிருக்கிறது. எல்லாப் புகாரையும் தூங்கியே விசாரித்தவரிடம், தூங்கும்போது மட்டும் வருகிற குற்றவாளி எப்படி அகப்படுவான்?

தலை குனிந்து கீழே வந்தார். சாய்வு நாற்காலியில் ரொட்டிக்காரர் குழந்தைபோல் தூங்கிக்கொண்டிருந்தார். தொட்டதும் விழித்தார்.

"ரயில் கேட்டுச்சா தம்பி?"

"எங்கயோ தூரத்துல... தாலாட்டு மாதிரி. மேல ஏறுற சத்தம் கீழ எறங்காது போல."

"என் மூக்குதான்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"வீட்டுக்காரம்மா மூக்கைக் குத்தம் சொல்லிட்டு எந்த வீட்டுல குடியிருக்கிறது?"

"சொன்ன சொல் மாற மாட்டேன். போறதுன்னா போ."

அவர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் புதைந்தார். "கீழ் வீட்ட எனக்குக் குடுத்தா, இந்த நாற்காலியும் இங்கயே இருக்குமாம்மா?"

ஒப்பந்தத்தில் 'மாடி' என்பதை அடித்து 'கீழ் வீடு' என்று எழுதிவிட்டு, தானே மாடிக்குக் குடியேறினார் அம்மா. தலைக்கு மேல் கேட்ட காலடி இப்போது பாதத்துக்குக் கீழே கேட்டது. சோறு அதற்கும் இறங்கியது.

மொட்டைமாடிப் புறாக்கள்தான் ஒரே வாரத்தில் காலி செய்துகொண்டு போயின. அவற்றோடு அம்மா ஒப்பந்தம் எதுவும் போட்டிருக்கவில்லை.