கரண்ட் போகாத ஆஸ்பத்திரி

யின் மே என்கிற என் தங்கை செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றரை மணிக்கு. வயிற்றைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. இருந்த டீசல் யாருடைய காருக்குப் போனது என்று ஆஸ்பத்திரியில் கூட்டுகிறவள் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கவில்லை. ஊசி, நூல், கையுறை எல்லாவற்றையும் நாங்கள்தான் எதிர்க்கடையில் வாங்கிக்கொண்டு போயிருந்தோம். ரங்கூனில் எல்லோரும் அப்படித்தான் போவோம். வெளிச்சத்தையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அவள் ஏன் செத்தாள் என்பது அச்சில் வர வேண்டும். அந்த வருடம் எனக்கு இருந்த ஒரே வெறி அதுதான். செய்தித்தாளில் வராது, அதில் பாலம் திறப்பார்கள், பகோடா உச்சியில் தங்கக் குடை ஏற்றுவார்கள், அவ்வளவுதான். என்னிடம் இருந்தது ஒரு மாதப் பத்திரிகையில் ஆறு பக்கம். பதினோரு வருடமாக அதில் அறிவியல் புனைகதை எழுதி வந்தேன். ராக்கெட், ரோபோ, கடலுக்கடியில் நகரம். ஓன்மா என்கிற என் பெயர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களுக்கும் தெரியும்.

இந்தத் தொழிலில் எனக்கென்று ஒரு விதி உண்டு. ஒரே ஒரு பொய்தான் சொல்லலாம், மற்றதெல்லாம் சத்தியமாக இருக்க வேண்டும். மனிதன் பறக்கிறான் என்று எழுதினால், பறக்கும்போதும் அவனுக்குப் பசிக்க வேண்டும், கீழே அவன் வீட்டுக் கூரை ஒழுகுவது அவன் கண்ணில் பட வேண்டும். அப்படி எழுதினால் படிக்கிறவன் நம்புவான்.

முதலில் நூறு வருடம் கழித்து ரங்கூனில் நடப்பதாக எழுதினேன். ஆசிரியர் ஊ பா ஸான் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓன்மா, நூறு வருஷம் கழிச்சும் கரண்ட் போகுதுன்னா, அதுவரைக்கும் இவங்களேதான் ஆளுவாங்களான்னு தணிக்கைக்காரன் கேப்பான். பத்திரிகைய இழுத்து மூடிடுவாம்மா. பேசாம வேற கிரகத்துக்குப் போயிடு."

போனேன். ஒன்பது நிலா உள்ள கிரகம். மூன்று விரல் ஜனங்கள். அங்கே ஒரு வைத்தியசாலை, ஒரு பெண், அணைகிற விளக்கு. தங்கையின் பெயரை எடுத்துவிட்டேன். அவள் சாவை மட்டும் எடுக்கவில்லை.

தணிக்கை அலுவலகத்தில் அந்தக் கதையைப் பார்த்தவர் ஊ ஸோ பைங், பழைய பட்டாளத்துக்காரர். அன்றைக்கும் கரண்ட் இல்லை. எல்லா மேசைகளையும் ஜன்னலோரம் தள்ளிப் போட்டு, ஆளுக்கொரு சிவப்புப் பேனாவோடு வெயிலில் குனிந்திருந்தார்கள்.

"ஸயாமா, ஒன்பது நிலா எதுக்கு?" என்றார். பெண் எழுத்தாளர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வானத்துல பாக்க நல்லா இருக்குமேன்னுதான் சார்."

"ஒன்பது யாருக்கு ராசியான நம்பர்னு தெரியாதா உங்களுக்கு?"

அது நாட்டை ஆள்கிற ஜெனரலின் ராசி எண் என்று சத்தியமாக எனக்குத் தோன்றவில்லை. பிக்பாக்கெட்காரன்கூட ஜோசியரைக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறுகிற ஊரில் எண்ணைப் பார்த்துப் போடாதது என் தப்புதான். ஐந்து நிலா ஆக்கினேன்.

"இந்த வரிசை?"

"அது அந்தக் கிரகத்துல சார். மூணு விரல்காரங்க நிக்கறாங்க."

"எந்த வரிசைன்னு எனக்குத் தெரியாதா? எண்ணெய் வரிசை. என் சம்சாரம் காலையில அஞ்சு மணிக்கே போய் அதுலதான் நிக்கறா." சொல்லிவிட்டுப் பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. "இது நம்ம பெரிய ஆஸ்பத்திரி. எல்லாத்தையும் எடுத்துடுங்க."

எனக்குத் தாங்கவில்லை. "கிரகம் பொய், நிலா பொய், மூணு விரல் பொய். அப்புறம் எப்படி சார் பார்த்த ஒடனே நம்ம ஊருன்னு கண்டுபிடிச்சீங்க?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். பதினோரு வருடத்தில் என்னை இவ்வளவு சரியாகப் படித்த வாசகர் வேறு யாரும் இல்லை. படித்துவிட்டு ஆறு பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பிறகு என்ன தோன்றியதோ, புத்தி சொல்லவும் ஆரம்பித்தார்.

"எதுக்கு எப்பவும் அழுகை? அந்தப் பொண்ணு பொழைக்கட்டுமே. கரண்ட் போகாம இருக்கட்டும். கதைதானே?"

"சரி, கரண்ட் போகாத கிரகம்னு எழுதறேன்."

"கிரகம் எதுக்குங்கறேன்? கெட்டது இங்க நடந்ததா எழுதினா வெட்டுவேன், அது என் வேலை. நல்லத எதுக்கு வெளியூருக்கு அனுப்பறீங்க? நம்ம பெரிய ஆஸ்பத்திரின்னே எழுதுங்க. இந்த வருஷம்னே போடுங்க. நாட்டுக்கும் நல்ல பேரு."

வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையை எட்டி உதைத்தேன். என் தங்கையைக் கொன்றது போதாதென்று அவள் பிழைத்தாள் என்று என் கையாலேயே எழுதச் சொல்கிறான்! அவளைப் பிழைக்க வைப்பதைவிட என் விரலை வெட்டிக்கொள்ளலாம் என்றிருந்தது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் விதி ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு பொய்.

உட்கார்ந்த இடத்தில் எழுதி முடித்தேன். ரங்கூன், இந்த வருடம், செவ்வாய்க்கிழமை. என் தங்கை யின் மே. மழையில் நனைந்த வராந்தா, பாயோடு காத்திருக்கும் உறவுக்காரர்கள், கோணல் சக்கரத்து வண்டி. எல்லாம் அப்படியே, வார்டு எண்ணை மட்டும் எழுதவில்லை. ஆனால் மூன்றரை மணிக்குக் கரண்ட் போகவில்லை. ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறது, ஊசியும் நூலும் ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கிறார்கள். கரண்ட் போகாத ஊர் என்றால் அதெல்லாம் கூடவே வரும்தானே. டாக்டர் தைத்து முடிக்கிறார். மறுநாள் அவள் எழுந்து உட்கார்ந்து, சாப்பிட மீன்குழம்பு விட்ட மொஹிங்கா கேட்கிறாள்.

ஊ ஸோ பைங் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பூரித்துப்போனார். "நர்ஸ் சிரிச்சான்னு ஒரு வரி சேத்துக்குங்க" என்றார். சேர்த்தேன். முத்திரை குத்தினார்.

பத்திரிகை அச்சாகி, வழக்கம்போல முதல் பிரதி தணிக்கைக்குப் போனது. முத்திரை குத்திய பிரதியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். ஒரு கமா மாறவில்லை. கதைக்கு மேலே ராக்கெட் படத்தோடு 'அறிவியல் புனைகதை' என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. பதினோரு வருடமாக அதே இடத்தில் இருக்கிற தலைப்பு, அவர்கள் கண்ணுக்கு அது சுவர் மாதிரி.

ஜனங்கள் பார்த்தார்கள். முப்பத்து மூன்றாம் தெரு டீக்கடையில் ஒருவன் முக்காலி மேல் ஏறி நின்று படித்தான். "மூணரைக்குக் கரண்ட் போகலையாம்!" கடை முழுக்கச் சிரிப்பு. "நூல் அவங்களே குடுத்தாங்களாம்!" மறுபடி சிரிப்பு. "அடேயப்பா, செவ்வாய் கிரகத்துல மனுஷன் இருக்கான்னாகூட நம்பலாம்டா, இத எப்படிடா நம்பறது?" நர்ஸ் சிரித்த வரிக்கு டீ மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி வரி வந்ததும் யாரும் சிரிக்கவில்லை. எங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு யின் மே உண்டு.

ஐந்தாம் நாள் கூப்பிட்டார்கள். ஊ ஸோ பைங் முகம் வெளிறியிருந்தது. மேலிடத்தில் அவரைக் குடைந்திருப்பார்கள்.

"மேல ஏன் அப்படிப் போட்டீங்க?"

"வேற என்ன சார் போடறது? செய்தின்னு போடட்டுமா?"

அவர் பேனாவை எடுத்தார். விற்காத பிரதிகளில் அந்தத் தலைப்பை மறைக்க உத்தரவு எழுதினார். கதையில் கை வைக்க முடியாது. அவர் முத்திரை, அவர் நர்ஸ்.

வெள்ளிச் சாயம் எங்களுக்குப் பழகினதுதான். எந்த வரி ஆகாதோ அதன் மேல் பூசுவோம். நானும் ஊ பா ஸானும் ஆயிரத்துச் சொச்சம் பிரதிகளில் ராக்கெட்டையும் தலைப்பையும் பூசி மறைத்தோம். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு ஒரே குதூகலம். அவர்களை அவர்கள் பேனாவாலேயே குத்திவிட்டேன் என்று பாட்டுப் பாடிக்கொண்டு பூசினேன். அந்தப் பிரதிகள் ரயிலேறி வெளியூர்களுக்குப் போயின.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெகுவுக்கு அப்பால் ஏதோ சின்ன ஊர். கன்னத்தில் தனக்காச் சாந்து, தோளில் துணிப்பை. கூட அவள் மகள், இருபது வயதிருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். தாய் பத்திரிகையைச் சரியான பக்கத்தில் விரித்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"இத எழுதின ஸயாமா நீங்கதானே? உங்க தங்கச்சி இப்ப நல்லா இருக்காங்களா?"

நான் பெஞ்சை இழுத்துப் போட்டு மகளை உட்காரச் சொன்னேன்.

"எம் பொண்ணுக்கு வயித்துல கட்டி. எங்க ஊர்ல வேணாம்னு இங்க கூட்டிட்டு வந்துட்டேன். நாளைக்கு அறுக்கணும். அது எந்த வார்டுன்னு மட்டும் எழுதல, அதான் கேட்டுட்டுப் போலாம்னு. ஊசி, நூலு எதுவும் வாங்கல ஸயாமா, அங்கயே தர்றாங்கன்னு போட்டிருந்தீங்கல்ல?"

ஊ பா ஸான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"அம்மா, அது கதைம்மா" என்றேன். "என் தங்கச்சி செத்துட்டா. கரண்ட் போயிடுச்சு."

அவள் பத்திரிகையைத் தன் பக்கம் திருப்பி, வெள்ளி பூசிய இடத்தை விரலால் தடவினாள்.

"கதைன்னு மேல ஒரு வார்த்தை போட்டிருக்கக் கூடாதா, ஸயாமா?"