முள் பச்சைக்கு வரும் வரை

முனிர்காவுக்குப் பின்புறம் மதில் எழுப்பிய காலி மனை ஒன்றில் பொன்னியும் அவள் புருஷன் பெரியண்ணனும் காவலுக்கு இருந்தார்கள். சேலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு டில்லி வந்தவர்கள். பெரியண்ணன் ஒரு கான்டிராக்டரிடம் லாரி ஓட்டினான். மனைக்காரருக்குத் தெரிந்த ஜெர்மன்கார டாக்டரும் அவர் மனைவியும், தங்கள் ஊரிலிருந்து தரை வழியாகவே ஓட்டி வந்த பெரிய வேனை அங்கே நிறுத்திவிட்டு, குளிர்காலம் போனதும் வருகிறோம் என்று விமானம் ஏறியிருந்தார்கள்.

அதை வண்டி என்பதா வீடு என்பதா என்று பொன்னிக்குத் தெரியவில்லை. உள்ளே கட்டில், அடுப்பு, கேஸ் சிலிண்டர், கட்டிலுக்கு அடியில் சாமான் பெட்டி எல்லாம் இருந்தன. கூரைமேல் கருநீலத்தில் ஒரு கண்ணாடிப் பலகை. வெயில் பட்டால் அதிலிருந்து கரண்டு இறங்கி பேட்டரிக்குப் போகும். சும்மா நிற்கிற வண்டியில் பேட்டரி செத்துவிடும், அதனால் பலகையில் தூசி சேர விடாதே என்று டாக்டரின் மனைவி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன மீட்டரையும் காட்டினாள். முள் பச்சையில் நின்றால் நல்லது. சிவப்புக்கு வந்தால் எஞ்சின் கிளம்பாது. சாவியையும் பொன்னியிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

தீபாவளி ராக்கெட் விழுந்து பலகை உடையக் கூடாதென்று இருவரும் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். பண்டிகை முடிந்த மறுநாளே பெரியண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு ஆக்ராவுக்குப் போய்விட்டான். தார்ப்பாய் அப்படியே கிடந்தது.

அவன் திரும்பி வந்த அன்றுதான் பிரதமரை அவருடைய சீக்கியக் காவலர்களே சுட்டுக் கொன்ற செய்தி வந்தது. மறுநாள் காலை ஆர்.கே.புரம் பக்கம் பார்த்தால் புகை. இந்தப் பக்கமும் புகை.

பின்சுவர் ஓரம் முனகல் கேட்டுப் பொன்னி போய்ப் பார்த்தாள். முனையிலிருந்த டாக்ஸி ஸ்டாண்டில் வண்டி ஓட்டும் ஜோகிந்தர் சிங் மண்ணில் கிடந்தார். தலைப்பாகை இல்லை. முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருந்தது. இடது கால் முழங்காலுக்குக் கீழே வெந்து போயிருந்தது. அவர் மனைவி ஹர்பன்ஸ் கௌர் தன் துப்பட்டாவை அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தாள். டாக்ஸிக்குள் அவர் இருக்கும்போதே தீ வைத்துவிட்டார்கள்.

போன வருஷம் பொன்னிக்குக் கரு கலைந்தபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், டாக்டர் வந்து பார்க்கும் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தவர் ஜோகிந்தர்.

"பெஹன்ஜி, தண்ணி," என்றார்.

பொன்னியும் பெரியண்ணனுமாக அவரைத் தூக்கி, தார்ப்பாய்க்கு அடியில் நுழைந்து, வண்டிக்குள் கட்டிலில் போட்டார்கள். ஹர்பன்ஸும் உள்ளே ஏறிக்கொண்டாள். பெரியண்ணன் காலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பொன்னியைத் தள்ளி அழைத்துப் போனான்.

"இப்படியே விட்டா கால் அழுகிப் போயிரும் புள்ள. கன்டோன்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா பட்டாளத்துக்காரங்க இருப்பாங்க. இந்த வண்டியிலயே போயிரலாம். வெளிநாட்டு நம்பர் பாத்தா வழி விடுவானுங்க."

சாவியைத் திருகினான். ஒரு சத்தமும் இல்லை. முள் சிவப்பிலேயே படுத்திருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் அத்தனை நாள் பலகைக்கு வெயிலே காட்டவில்லை.

"லாரி பேட்டரிய கழட்டிட்டு வாங்களேன்."

"லாரி எங்க இருக்கு? லாரி நிறுத்தற யார்டே எரியுது. நம்ம கான்டிராக்டரும் சர்தார்ஜிதான."

மிச்சமிருந்தது வெயில் ஒன்றுதான். ஆனால் தார்ப்பாய் மூடியிருக்கும் வரை வண்டி பார்ப்பவர்களுக்கு ஒரு குப்பைக் குவியல். எடுத்துவிட்டால் சுற்றியுள்ள மாடிகளுக்கெல்லாம் தெரியும்படி ஒரு வெள்ளை வண்டி. பெரியண்ணனுக்கு முடிவெடுக்க வரவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பொன்னி ஒரு வாளியில் வீட்டிலிருந்த சேலை, போர்வை எல்லாவற்றையும் நனைத்தாள். "மேல மட்டும் திறங்க," என்றாள். அவன் கூரைமேலிருந்த தார்ப்பாயைச் சுருட்டிப் பக்கவாட்டில் தொங்கவிட்டான். அவள் வண்டியைச் சுற்றிக் கொடி கட்டி ஈரத்துணிகளைப் போட்டாள். ஒரு துணியின் நிழலும் பலகைமேல் விழாதபடி பார்த்துக்கொண்டாள்.

நண்பகலுக்குமேல் அந்த ஆட்கள் வந்தார்கள். கையில் இரும்புக் கம்பிகள், ஒருவனிடம் மண்ணெண்ணெய் டின். பக்கத்தில் எங்கும் பார்த்த முகங்களில்லை. பெரியண்ணன் கேட்டருகே நின்றான். பொன்னி வாளியருகே துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"உள்ளே யாராவது சர்தார் இருக்கிறானா?" என்று இந்தியில் கேட்டான் டின் வைத்திருந்தவன்.

"வெளிநாட்டு சாப் வண்டி அண்ணா. அவர் ஊருக்குப் போயிருக்கார்," என்றாள்.

"திற, பார்க்கலாம்."

அவள் துணி பிழிவதை நிறுத்தவில்லை. "சாவி சாப்கிட்ட. உள்ள கேஸ் சிலிண்டர் இருக்கு, கிட்ட நெருப்பே கொண்டு போகாதேன்னு சொல்லியிருக்கார். டின்ன தூரமா வையுங்க அண்ணா. வெடிச்சா நாம எல்லாருந்தான் போவோம்."

ஒருவன் சைடு கண்ணாடியைக் கம்பியால் உடைத்தான். டின்காரன் டின்னோடு பின்னால் நகர்ந்தான். பிறகு எல்லோரும் போனார்கள்.

அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பொன்னி தார்ப்பாயை விலக்கிப் பார்த்தாள். வண்டிக்குள் ஹர்பன்ஸ் கௌர் தன் புருஷனின் வாயைக் கையால் பொத்தியபடி கிடந்தாள். அந்தக் கையில் பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

அன்று மாலை முள் சிவப்பின் ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. பெரியண்ணன் சாவியைத் தொட்டான்.

"வேண்டாங்க. இப்பத் திருகினா இருக்கறதும் போயிரும்," என்று தடுத்தாள்.

மறுநாள் விடிந்தும் வெயில் வரவில்லை. ஊர் எரிந்த புகை ஆகாயத்தில் நின்றது. சூரியன் மங்கிய தட்டுப் போலத் தெரிந்தது. பலகைமேல் சாம்பல் படிந்துகொண்டே இருந்தது. பொன்னி துடைத்துவிட்டு இறங்குவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறுவாள். ஜோகிந்தருக்குக் காய்ச்சல் ஏறி, யாரோ பயணியிடம் பேசுவது போல வழி சொல்லிக்கொண்டிருந்தார். ஹர்பன்ஸ் ஒவ்வொரு முறையும், "ஆச்சா?" என்று கேட்டாள். பொன்னி, "தோடி தேர்," என்று மட்டும் சொன்னாள். இன்னும் கொஞ்ச நேரம். அது எவ்வளவு நேரம் என்று அவளுக்கும் தெரியாது.

காற்று திரும்பிப் புகை கலைந்தபோது நடுப்பகல் தாண்டியிருந்தது. சுள்ளென்று வெயில் இறங்கியது. முள் மெல்ல மெல்ல எழுந்து பச்சையின் விளிம்பில் நின்றது.

"இதுக்கு மேல அவர் தாங்க மாட்டார்," என்றான் பெரியண்ணன்.

ஜோகிந்தரையும் ஹர்பன்ஸையும் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியில் படுக்க வைத்து, மேலே மெத்தையைப் போட்டார்கள். தார்ப்பாயையும் துணிக்கொடியையும் அவிழ்த்துத் தள்ளினார்கள். முதல் திருகலில் எஞ்சின் இரண்டு முறை இருமி அடங்கியது. பெரியண்ணன் கையை எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். பொன்னி அவன் தோளைப் பிடித்திருந்தாள். மறுபடி திருகினான். எஞ்சின் இழுத்து இழுத்து, விட்டுவிடும் என்று தோன்றிய நொடியில் பிடித்துக்கொண்டது.

ரிங் ரோடில் டயர்கள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு கும்பல் வழிமறித்து நம்பர் பலகையைப் பார்த்தது. "எம்பஸியா?" என்று ஒருவன் கேட்டான். பெரியண்ணன் தலையை அசைத்தான். விட்டுவிட்டார்கள். கன்டோன்மென்ட் வாசலில் சிப்பாய், எஞ்சினை நிறுத்தச் சொன்னான். "நிறுத்த மாட்டேன் சாப். முதல்ல ஆளை இறக்குங்க," என்று பெரியண்ணன் உரக்கச் சொன்னான். சொன்ன பிறகுதான் தன் முகம் நனைந்திருப்பது அவனுக்குத் தெரிந்தது.

ஜோகிந்தருக்குக் கால் பிழைத்தது. ஆனால் பாதத்தை மடக்க வராது, இனி டாக்ஸி ஓட்ட முடியாது என்றார்கள். அந்த மாதக் கடைசியில் இருவரும் லூதியானாவில் ஹர்பன்ஸின் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ரயிலடியில் ஹர்பன்ஸ் பொன்னியின் கையை விடவில்லை.

மாசியில் டாக்டரும் மனைவியும் திரும்பி வந்தார்கள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார்கள். பொன்னி எத்தனை முறை தேய்த்தும் மெத்தையில் போகாத கறையையும் பார்த்தார்கள். பெரியண்ணன் நடந்ததைச் சொன்னான். டாக்டர் காயத்தைப் பற்றி நிறையக் கேட்டார். அவர் மனைவி படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் மெத்தையைக் கறை கீழே போகும்படி மறுபுறம் திருப்பிப் போட்டு, அதன்மேல் விரிப்பை விரித்தாள்.