கடைசி பெஞ்சில் மழை

வாரத்தில் மூன்று நாள், மாலை ஏழரை மணிக்கு, மேற்குத் தாம்பரத்தில் அத்தாவுல்லாவின் வீட்டில் யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். டிவியில் ‘ஏழரை மணி டியூஷன்’ ஓடும். மொட்டைமாடியில் பாடம் எடுக்கும் ஒரு வாத்தியார், படிப்பைத் தவிர எல்லாம் வரும் ஒரு ப்ளஸ் டூ கும்பல், இடையிடையே சிரிப்பொலி. ஆளுக்கு ஒரு பின்னணி இசை வைத்திருந்தார்கள். வாத்தியார் படியேறினால் தவில் உருளும். பக்கத்து வீட்டு அம்மாள் சண்டைக்கு வந்தால் ஆம்புலன்ஸ் அலறும். காதல் பாட்டு ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஒரு கட்டுப்பாடும் இருந்தது. கதாநாயகி கடைசி பெஞ்சில் இருக்கும் அந்த ஒரு பையனைப் பார்க்கும்போது மட்டும்தான் அது வரும்.

கடைசி பெஞ்சில் மட்டும் ஏன் மழை பெய்யுது,
குடையை மறந்தவன் ஏன் சிரிக்கிறான்?

இந்த இரண்டு வரிக்கு மேல் தொடரில் யாரும் கேட்டதில்லை. அதற்குள் வாத்தியார் சாக்பீஸை எறிந்துவிடுவார்.

அத்தாவுல்லா பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் அவருக்கு ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை இருந்தது. பகலெல்லாம் இரும்பு அறுபடும் சத்தத்தில் இருந்துவிட்டு வருபவருக்கு இந்தச் சிரிப்பொலிதான் இரைச்சலாகப் பட்டது.

“யாரும் ஜோக்கே சொல்லல. இன்னாத்துக்கு சிரிக்கிறானுங்க?”

“நீங்க சிரிக்கலைன்னு அவங்களே சிரிச்சிக்கிறாங்க அத்தா” என்பாள் சின்ன மகள் கைனாத்.

2007-ஆம் வருடம் அது. காலர் ட்யூன் மோகம் ஊரைப் பிடித்திருந்தது. ஃபோன் போட்டால் மணிச் சத்தத்துக்குப் பதில் பாட்டு கேட்கும். கைனாத் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தாள். ஒரு நாள் பட்டறையிலிருந்து மனைவி பரிதாவை அழைத்தபோது அத்தாவுல்லாவின் காதில் தவில் உருண்டது. வீட்டுக்கு வந்து கேட்டார்.

“அது உங்க நம்பருக்கு மட்டும் வெச்சது அத்தா. மத்தவங்க கூப்பிட்டா சும்மா மணிதான் அடிக்கும். யாருக்கு எந்தப் பாட்டுன்னு தனித்தனியா வெக்கலாம்.”

“நான் வாத்தியாரா?”

“அதவிட மோசம்.”

பரிதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தாவுல்லா மூத்தவளைக் காட்டினார். “அனத்தப் பாரு. அவ ஃபோன்ல பாட்டு கீட்டு ஒண்ணும் கெடையாது. ட்ரிங் ட்ரிங்னு அடக்கமா அடிக்குது.” அனம் தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குரோம்பேட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. சனிக்கிழமைகளில் பட்டறைக்கு வந்து அப்பாவின் கணக்கையும் பார்த்துக்கொடுப்பாள்.

அந்த மாதம் மேல்விஷாரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. தோல் வியாபாரக் குடும்பம். பையனுக்குக் கெட்ட பெயர் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை மஃரிப் தொழுதுவிட்டு வந்து அத்தாவுல்லா மகளை உட்காரவைத்துக் கேட்டார். “ஒனக்கு சம்மதம்தானேம்மா?”

அனம் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர் “அல்ஹம்துலில்லாஹ்” என்று எழுந்தார். பெண்ணிடம் கேட்காமல் நிக்காஹ் கூடாது, வெட்கத்தில் அவள் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம் என்று மதரசாவில் படித்த நாளிலிருந்து அவருக்குத் தெரியும். பரிதாவும் ஒரு காலத்தில் இப்படித்தான் தரையைப் பார்த்திருந்தாள். மேல்விஷாரத்துக்குச் சொல்லியனுப்பினார். வெள்ளிக்கிழமை மாலை பேசி முடிக்க வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை பட்டறையில் கரன்ட் போனது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக இளைத்து நின்றன. கூடவே அத்தாவுல்லாவின் ஃபோனிலும் சார்ஜ் தீர்ந்திருந்தது. மேல்விஷாரத்துக்காரர்கள் பெரியம்மா வீட்டாரையும் கூட்டிவருவதாகக் காலையில் சொல்லியிருந்தார்கள். அதைப் பரிதாவிடம் சொல்லியாக வேண்டும். பரிதாவின் எண் அவருக்கு மனப்பாடம் இல்லை. அனத்தின் எண் மட்டும் மறக்காது. இருவருக்கும் ஒரே கடையில் சேர்த்து வாங்கிய சிம். அவர் எண்ணுக்கு அடுத்த எண் அவளுடையது.

டிராயிங் மேஜையில் முதாசிர் இருந்தான். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்து சேர்ந்தவன், பல்லாவரத்துப் பையன். அளவு தவறாமல் வரைவான். அதிகம் பேசமாட்டான்.

“டேய் முதாசிர், ஒன் ஃபோனக் குடு.”

“யாருக்கு பாய்?”

“வூட்டுக்கு.”

பரிதாவின் எண்ணைத்தான் போடப்போகிறார் என்று நினைத்து அவன் கொடுத்தான்.

அத்தாவுல்லா கண்ணாடி போடாமலே பழக்கத்தில் எண்களை அழுத்திவிட்டுக் காதில் வைத்தார்.

கடைசி பெஞ்சில் மட்டும் ஏன் மழை பெய்யுது...

ராங் நம்பர் என்று நினைத்துத் துண்டித்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் எண்ணாகப் பார்த்து மறுபடி போட்டார். எண் சரிதான். ஆனால் அழுத்தி முடித்ததும் திரையில் அந்த எண்ணுக்கு ‘பட்டாபிராமன் சார்’ என்று ஒரு பெயர் வந்தது. காதில் அதே மழை. குடையை மறந்தவன் சிரிப்பதற்குள் அனம் எடுத்துவிட்டாள்.

“எத்தன தடவ கூப்பிடுவீங்க? வேணாம்னு சொன்னேன்ல.”

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துத் திரையிலிருந்த பெயரை மறுபடி பார்த்தார். திரும்பக் காதில் வைத்தார்.

“நாளைக்கு அவங்க வராங்க. அத்தா கேட்டப்ப சொல்லத்தான் நெனச்சேன். வாய் வரல. அவரு அல்ஹம்துலில்லான்னு எழுந்துட்டாரு. அதுக்கப்புறம் நான் எப்படி சொல்றது?” மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “ஏதாவது பேசுங்களேன். நீங்களும் பேசாம இருந்தா நான் இன்னான்னு எடுத்துக்கறது?”

அவர் துண்டித்தார்.

பட்டறையில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே தண்ணீர் லாரி ஒன்று பின்னால் நகரும் ஒலி மட்டும் வந்துகொண்டிருந்தது. அத்தாவுல்லா மேஜைக்குப் போய் ஃபோனை நீட்டினார்.

“பட்டாபிராமனுக்கு நாம ஏதாவது வேல செய்றமாடா?”

முதாசிர் திரையைப் பார்த்தான். அவன் கையிலிருந்த பென்சில் நழுவிக் கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

“இல்ல பாய்.”

“அப்ப வரையற வேலயப் பாரு.”

கரன்ட் வந்தது. மாலைக்குள் அவர் ஒரு தகட்டை இரண்டு முறை தப்பாக அளந்தார். அதைச் சொல்லிக்காட்ட அன்றைக்கு யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேப்பரை எடுக்காமல் அனத்துக்கு எதிரே உட்கார்ந்தார். கதாநாயகி படியேறி வந்து கடைசி பெஞ்சைப் பார்த்தாள். பாட்டு ஆரம்பித்தது. அனம் டிவியைப் பார்க்காமல் தன் கால் விரல்களைப் பார்த்தாள்.

“கைனாத், சத்தத்தக் கம்மி பண்ணு.”

“இப்பதான் அத்தா வாத்தியார் சாக்பீஸ் எறிவாரு.”

“பண்ணுன்னா பண்ணு.”

சத்தம் நின்றது. திரையில் சாக்பீஸ் ஓசையில்லாமல் பறந்தது.

“அனம், அன்னிக்கு ஒன்னக் கேட்டேன். நீ பேசல. நான் சரின்னு எடுத்துக்கினேன். இப்ப திரும்பக் கேக்கறேன். ஆனா இந்தத் தடவ கணக்கு வேற. நீ பேசாம இருந்தா வேணாம்னு அர்த்தம். நாளைக்கு யாரும் வரமாட்டாங்க. சம்மதம்னா மட்டும் வாயத் தொறந்து சொல்லு.”

“என்னங்க இது?” என்று பரிதா எழுந்தாள். “பிரியாணிக்கு ஆள் சொல்லியாச்சு. ஊரு மூஞ்சில எப்படி முழிக்கறது? நானெல்லாம் அன்னிக்கு வாயத் தொறந்தேனா?”

“அதான் எனக்கும் தெரியல. நீ அன்னிக்கு இன்னா நெனச்சே?”

“நல்லா கேட்டீங்க போங்க. ரெண்டு பொண்ணு பெத்தப்புறம்.”

கைனாத் சிரிப்பை அடக்க ரிமோட்டைக் கடித்தாள். அனம் மட்டும் அசையவில்லை. பேசாமல் இருந்தாலே போதும் என்று அப்பா சொல்லியிருந்தார். அவளுக்கு வேண்டியதெல்லாம் இன்னும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அத்தாவுல்லா காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காத்திருந்ததைவிட அதிக நேரம் காத்திருந்தார்.

அவள் நிமிர்ந்தாள்.

“வேணாம் அத்தா.”

குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் அடுப்படி வாசலில் நின்ற பரிதாவுக்கும் கேட்டது.

“சரி” என்று எழுந்து அவர் வாசலுக்குப் போனார். கேட்டுக்கு வெளியே நின்று மேல்விஷாரத்துக்கு ஃபோன் போட்டார். “பொண்ணுக்கு விருப்பமில்லீங்க. மொதல்லயே சரியா கேட்டிருக்கணும். தப்பு என்னுது.” மறுமுனையில் பையனின் தகப்பனார் கோபப்பட்டார். அத்தாவுல்லா முழுவதையும் கேட்டுக்கொண்டார். கோபம் தீர்ந்ததும் அந்த மனிதர், “கல்யாணம் ஆனப்புறம் சொல்லாம இப்பவே சொன்னீங்களே” என்று பெருமூச்சு விட்டு வைத்தார்.

திரும்பி உள்ளே வந்தபோது பரிதா தட்டை நங்கென்று வைத்தாள். குழம்பை மட்டும் வழக்கம்போலவே ஊற்றினாள். யார் அந்தப் பையன் என்று அவள் கேட்கவில்லை. அதை அவள் கொஞ்ச காலமாக ஊகித்திருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் ஜும்மா தொழுகை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் படியில் முதாசிர் தன் ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அத்தாவுல்லா வருவதைப் பார்த்ததும் இருந்த ஒன்றையும் காலிலிருந்து கழற்றிவிட்டு நின்றான். எப்போது சம்பளக் கணக்கை முடித்து வேலையை விட்டு அனுப்பிவிடுவாரோ என்று இரவெல்லாம் அவன் தூங்கியிருக்கவில்லை.

“ஒங்கம்மா ஊர்லதான் கீறாங்களா?”

“பல்லாவரத்துலதான் பாய்.”

“ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரச் சொல்லு. பேசறதெல்லாம் பெரியவங்க பேசிக்கறோம். அதுவரைக்கும் நீ பட்டாபிராமனுக்கு ஃபோன் போடக்கூடாது. இன்னா?”

முதாசிர் வேகமாகத் தலையாட்டினான்.

“தலய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு.”

“சரி பாய்” என்றான் அவன். பக்கத்தில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கொஞ்சம் உரக்கவே.