மண்ணில்லாத ஸ்டேஷன்

என் மதினி வள்ளிமயிலின் கனவில் அண்ணன் எப்போதும் படியேறிக்கொண்டிருப்பான். மேலே வெளிச்சம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஏறுவான், ஏறுவான். கடைசியில் பார்த்தால் பழையபடி அடியிலேயே நிற்பான். விடிந்ததும் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் மதினி இதை என்னிடம் சொல்ல வருவாள். நான் கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருப்பேன். "கனவுக்கெல்லாம் பஸ் நிக்காது மதினி" என்று சொல்லிவிட்டு ஓடுவேன்.

அண்ணன் சுடலைக்குமார் சென்னையின் புறநகர் ஒன்றில் பூமிக்கடியில் ரயில் நிலையம் கட்டுகிற வேலைக்குப் போனவன். தோண்டிக்கொண்டிருந்த இடத்திலேயே கம்பி சரிந்து விழுந்து இறந்துபோனான். உடல் எங்கள் ஊர் இடைசெவலுக்கு வந்தது, எரித்தோம், செய்ய வேண்டியதெல்லாம் செய்தோம். ஆனால் அகாலமாகப் போனவர்கள் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து குலசாமி பக்கத்தில் பீடம் போட்டால்தான் அவர்கள் ஊர் வந்து சேருவார்களாம். அதற்குப் பிடிமண் என்று பெயர்.

"அவிய இன்னும் அங்கனதான் நிக்காவ மாரி. மேல வர வழி தெரியாமத் தவிக்காவ. போயி எடுத்துட்டு வந்துருவோம்" என்றாள் மதினி. அதற்குள் அவள் பாதி உடம்பாகிவிட்டிருந்தாள். செல்வமாரியாகிய எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அவளைத் தனியே அனுப்ப மனசு வரவில்லை. கூடப் போனேன்.

உயிரோடிருந்தபோது அண்ணன் அந்த ஸ்டேஷன் வளருகிற கதையைப் போனில் சொல்வான். முதலில் இரண்டு பக்கமும் பூமிக்குள் சுவரை இறக்குவார்களாம். அடுத்து கூரை. கூரைக்கு மேலே ரோடு போட்டு பஸ்கூட ஓட ஆரம்பித்துவிடுமாம். அதற்கு அடியில் இவர்கள் மண்ணைத் தோண்டித் தோண்டி, டிக்கெட் கொடுக்கிற தளம், அதற்கும் கீழே தண்டவாளம் என்று இறங்கிப் போவார்களாம். "கூரையப் போட்டுட்டுத்தான் தரையத் தேடுதோம்" என்பான். மதினி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவாள்.

கட்டி முடித்து ரயிலும் ஓடத் தொடங்கிவிட்ட அந்த ஸ்டேஷனுக்குள் இப்போது நாங்கள் இறங்கினோம். படி தானாக நகர்ந்து எங்களைக் கொண்டுபோனது. இறங்க இறங்க ரோட்டுச் சத்தம் ஒவ்வொன்றாக மேலேயே நின்றுவிட்டது. எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வெளிச்சம். நிழல்கூட எங்களோடு வரவில்லை. டிக்கெட் தளத்துச் சுவரில் அந்த இடத்தின் பழைய படங்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். முதலில் ஒரு காய்கறிச் சந்தை. அப்புறம் பிளந்து கிடக்கும் ரோடு. அப்புறம் பள்ளமும் ஆட்களும். நான் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். மஞ்சள் தொப்பிக்குக் கீழே எல்லாரும் அண்ணனாகவே தெரிந்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

மதினி படத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கீழே போய், நடைமேடையின் மேற்குக் கோடிக்கு நடந்தாள். அண்ணனோடு வேலை பார்த்தவர்கள் இடத்தைச் சொல்லியிருந்தார்கள். குனிந்து தரையைத் தடவினாள். பளபளவென்று கிரானைட். தூணின் அடியில் தடவினாள், சுவரோரம் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. எங்கள் ஊரில் ஒரு மழை பெய்தால் போதும், கரிசல் செருப்போடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இங்கே பூமிக்கு இவ்வளவு அடியில் வந்தும் ஒரு பிடி மண் இல்லை.

சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள். பிரித்திகா என்று சட்டையில் எழுதியிருந்தது.

"என்னம்மா தேடுறீங்க? ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"எங்க வீட்டுக்காரவிய இங்கனதான் விழுந்தாவ" என்றாள் மதினி.

மீதியை நான் சொன்னேன். சிரித்தால் சண்டை பிடிப்பதென்று தயாராகவே இருந்தேன். அவள் சிரிக்கவில்லை. மதினிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"இங்க மண்ணே கிடையாதும்மா. சுத்தி எல்லாம் கான்கிரீட். இருந்த மண்ணையெல்லாம் கூரையில விட்டிருந்த ஓட்டை வழியா மேல தூக்கி லாரில கொண்டுபோயிட்டாங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய பள்ளம் இருந்துச்சு. அங்கதான் கொட்டுனாங்க. வீடெல்லாம் புழுதின்னு எங்கம்மா திட்டிக்கிட்டே இருப்பாங்க."

ஒரு ரயில் வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. மதினி அது போன இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிய விழுந்த மண்ணுமா போயிட்டு?"

"எல்லா மண்ணும்தாம்மா. அதுக்கப்புறமும் இன்னும் கீழ தோண்டுனாங்களே."

"அந்தப் பள்ளத்துல வெயிலு விழுமா?"

"நல்லா விழும். இப்ப அது மைதானம். சாயங்காலமானா ஒரே கூட்டம்."

மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பம் அவிய என்னைக்கோ மேல வந்துட்டாவ மாரி. நாமதான் இன்னும் கீழயே வச்சுத் தேடிட்டுக் கெடந்திருக்கோம்." சொல்லும்போதே சிரித்தாள், அழுதாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

பிரித்திகா வழி சொன்னாள். மைதானத்துக்கு நாங்கள் போனபோது மஞ்சள் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. களியும் மணலும் கலந்த சாம்பல் நிற மண். அதன் மேல் புல் முளைத்திருந்தது. மதினி புல்லை விலக்கி, ஒரு பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தாள். "வாங்க, நம்ம ஊருக்குப் போவோம்" என்று அதனிடம் மெதுவாகச் சொன்னாள். அது எந்தப் பள்ளத்து மண்ணோ என்று நான் நினைத்தேன். துணியின் முனையை இழுத்து முடிச்சை இறுக்கிக் கொடுத்தேன்.

ஊருக்குத் திரும்புகிற ரயிலில் ஏறியதுமே மதினி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். கனவு வந்ததாகத் தெரியவில்லை. மூச்சு சீராக இருந்தது. மண்முடிச்சு என் மடிக்கு வந்தது. தூக்கத்தில் நழுவவிட்டுவிடுவேனோ என்று நான் கண்ணை மூடவே இல்லை. சாத்தூர் தாண்டும்போது வெளுத்துவிட்டது. வெளியே உழுதுபோட்ட கரிசல் விரிந்து கிடந்தது. முடிச்சை ஜன்னலோரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கோவில்பட்டியில் வண்டி நின்றது. மதினியை எழுப்ப வேண்டும். நான் முதலில் முடிச்சைத்தான் எழுப்பினேன்.

"அண்ணே, ஊரு வந்துட்டு. எறங்கு."